கூத்துக் கொட்டாயில் வளர்ந்த கதையை வரைகிறேன், கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

பென்னாகரத்துத் தூரிகை:

வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். சின்ன வயது ஞாபகங்களை வைத்து ஒரு தொடர் வரைய ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு மூன்று இடங்களில் கை நிற்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தெருக்கூத்தில் பெண் வேஷக்காரர். பாஞ்சாலி, சந்திரமதி, சுபத்திரை எல்லாம் அவர்தான். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். மாசியில் கிளம்பும் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடி முடியும்வரை ஊர் ஊராகப் போகும். மற்ற கலைஞர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. கூத்துக் களத்தின் ஓரத்தில் சாக்கு விரித்து வறுத்த கடலையும் பொரியும் விற்றாள். கடலைக் காசு கையோடு வரும். கூத்துக் காசு எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது ஜமாவை நடத்தும் வாத்தியாருக்கே தெரியாது. ஆக அம்மா கூடவே போனாள், நானும் அண்ணனும் அவள் பின்னால். எங்களுக்குப் பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. ஆவணிக்கு மேல்தான் பள்ளிக்கூடம்.

இதுவரை வரைந்ததில் எனக்கே பிடித்தது ஒன்று. அரிச்சந்திரன் கூத்தில் லோகிதாசனாக ஆட வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த வேஷம் எனக்கே நிலைத்துவிட்டது. பாம்பு கடித்துச் செத்த பிள்ளையாக மண்ணில் மல்லாந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்பா சந்திரமதியாக என் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்து அழுவார். கண்ணை முழுக்க மூடாமல் இமை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அவர் முகம் தலைகீழாகத் தெரியும். கண்ணீர் மாவைக் கீறிக்கொண்டு இறங்கும், அந்தக் கோட்டில் மட்டும் அவருடைய சொந்தக் கறுப்பு தெரியும். அவர் தலைக்கு மேல் பெட்ரோமாக்ஸ், அதைச் சுற்றிப் பூச்சி. ஒன்று என் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். செத்த பிள்ளை மூக்கைச் சுளிக்கக் கூடாது. அந்தப் பூச்சியைத்தான் படத்தில் பெரிதாக வரைந்திருக்கிறேன், அப்பா முகத்தில் பாதி அளவுக்கு.

என் கேள்விகள்: அப்பாவின் பழைய ஒப்பனைப் பெட்டியில் முத்துவெள்ளை, செந்தூரம், ஒரு பொட்டலம் அரிதாரம் இன்னும் இருக்கின்றன. அவற்றையே வண்ணமாகப் பயன்படுத்தலாமா? அவர் குழைத்தது போலவே தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூச ஆசை. இன்னொன்று, ஒரு படத்தை வெளியே காட்டவே கூடாது என்று அண்ணன் சொல்கிறார். அதை அப்புறம் எழுதுகிறேன்.


ஊத்தங்கரை வேதியியல்:

வண்ணக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாத ஏரியா.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது காயாது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளி விதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துக் கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதற்கு அந்தக் குணம் கிடையாது. முக ஒப்பனைக்கு அது பொருத்தமாக இருந்ததே இதனால்தான்: விடிய விடிய முகத்தில் காயாமல் இருக்கும், காலையில் துடைத்தால் வந்துவிடும். காகிதத்தில் பூசினால் பல வருஷம் கழித்தும் விரலில் ஒட்டும், சுற்றிலும் எண்ணெய்க் கறை பரவும்.

முத்துவெள்ளை என்பது துத்தநாக ஆக்ஸைடு. தாராளமாகப் பயன்படுத்தலாம். நீர்வண்ணப் பெட்டியில் 'சைனீஸ் ஒயிட்' என்று ஒரு குழாய் இருக்குமே, 1834ல் வின்சர் அண்டு நியூட்டன் கம்பெனி கொண்டுவந்தது, அதுவும் இதே பொருள்தான். உங்கள் அப்பா முகத்தில் இருந்ததும் லண்டன் கடையில் விற்றதும் ஒன்றே. ஆனால் ஆளி விதை எண்ணெயில் சேர்த்தால் நாளாக ஆக நொறுங்கும் தன்மை வந்து வெடிக்கும். பிசினில் சேருங்கள்.

அரிதாரப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அசல் அரிதாரமாக இருந்தால் அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். அரைக்கும்போது தூசி மூக்கில் போனால் விஷம். செந்தூரமும் பழைய சரக்கு என்றால் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். புதுச் சரக்கு என்றால் பெரும்பாலும் சாயப்பொடி, வெயில் பட்டால் வெளுத்துவிடும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிக்கல் வகைகள் இருக்கவே இருக்கின்றன, மண் நிறங்கள் மங்காது.


சுவர்க்கோழி:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கூத்து என்றாலே கிரீடம், கண்ணாடிச் சில்லு, உருட்டி விழிக்கும் கண் என்று ஒரே மாதிரிப் படம்தான் எல்லா ஓட்டல் வரவேற்பறையிலும் தொங்குகிறது. உங்கள் படமும் அந்த வரிசையில் போய் நின்றுவிடாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தையை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல், பள்ளிக்கூடம் அனுப்பாமல், பிணமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு யாராவது செய்தால் புகார் கொடுப்போம். முப்பது வருஷம் கழித்து அதே விஷயம் 'வித்தியாசமான பிள்ளைப்பருவம்' ஆகிவிடுகிறது. வண்ணம் பூசினால் வலி அழகாகிவிடும் என்பதுதான் என் பயம்.


பென்னாகரத்துத் தூரிகை:

ஊத்தங்கரை சார், நன்றி. பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சுவர்க்கோழி, உங்கள் முதல் கேள்விக்கு: என் படங்களில் ஒன்றில்கூடக் கூத்தை முன்பக்கத்திலிருந்து வரையவில்லை. நான் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததே அபூர்வம். பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் எனக்கு இடம். அங்கிருந்து பார்த்தால் சலங்கை கட்டிய கால்கள், மேலே ஆர்மோனியக்காரரின் வேட்டி நுனி, கால்களுக்கு இடையில் தூரத்தில் ஜனங்களின் முகங்கள். கிரீடம் எனக்குத் தெரிந்தது பெட்டிக்குள் கிடக்கும்போதுதான். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தது, பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது. உள்பக்கம் அழுக்குத் துணி சுற்றி, வியர்வை வாடை அடிக்கும். அந்த உள்பக்கத்தை வரைந்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. பாஞ்சாலி துகிலுரிதல் ராத்திரியில் ஊரே அழும். பெண்கள் எழுந்து வந்து அப்பாவுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். 'பிள்ளைக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்' என்று இப்போது கேட்கிறவர்கள் உண்டு. ஒரு பயமும் இல்லை. புடவை மேல் புடவையாக அம்மா சுற்றிவிட்டதைச் சாயங்காலமே பார்த்திருப்பேன். முக்கால்வாசி நாள் அந்தக் கட்டத்தில் தூங்கிவிடுவேன். நான் பயந்தது காலையில். மாவை அரைகுறையாகத் துடைத்துவிட்டு, காதோரம் வெள்ளையும் கண்ணில் மையுமாக, மீசை இல்லாத முகத்தோடு அப்பா டீக்கடைக்குப் போவார். ராத்திரி கற்பூரம் காட்டிய அதே ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும். 'என்ன பாஞ்சாலி, டீயா காப்பியா' என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை வரைய வரவில்லை. வரைந்து கிழித்துக்கொண்டே இருக்கிறேன். ஆகவே வலி அழகாகிவிடும் என்ற கவலையை விடுங்கள், என் கையில் அது படமாகவே இன்னும் ஆகவில்லை.

பள்ளிக்கூடம் போகாதது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் விநோதம் என்று எனக்குப் பட்டது பள்ளிக்கூடம். இத்தனை பேர் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, யாரும் யாராகவும் மாறாமல், சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்களே என்று இருந்தது.


பர்கூர் மாந்தோப்பு:

நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவன். அங்கே முதல் வருஷம் கற்றுக்கொடுப்பது தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்குவது. ஞாபகத்தை வரைகிறவர் அதை மறக்க வேண்டியிருக்கும். பூச்சியை அப்பா முகத்தில் பாதி அளவுக்கு வரைந்தேன் என்றீர்களே, அங்கேயே உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது.

நம் பக்கத்துப் படங்களையே பாருங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மல்லப்பாடிப் பாறையில் குதிரை வீரர்கள் வெள்ளையில் இருக்கிறார்கள். முகம் கிடையாது, தரை கிடையாது. வேண்டியது மட்டும் இருக்கிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதே ஆள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவார், கதை நகர்ந்துகொண்டே போகும். அர்ச்சுனன் தபசு மாதிரி நீளமான ராத்திரியை ஒரே சட்டத்தில் அடக்காமல், அப்படிப் பட்டையாக நீட்டிப் பாருங்கள். தபசு மரத்தில் ஏறுகிறவர் அடியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, உச்சியில் எலுமிச்சம்பழம் வீசுகையில் ஒருமுறை.

வாழ்க்கையைப் படத்தொடராகவே வரைந்தவர் என்று எனக்கு உடனே ஞாபகம் வருவது சார்லட் சாலமன். 1917ல் பெர்லினில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்குத் தப்பித் தெற்கு பிரான்சில் இருந்தபோது, இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய 800 படங்களில் தன் குடும்பக் கதையை வரைந்து வைத்தார். 1943ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். நிறம் மூன்று, அவற்றின் கலவை, அவ்வளவுதான். பல படங்களின் மேல் மெல்லிய தாளைப் போட்டு அதில் பேச்சையும், எந்த மெட்டை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதினார். அவர் பட்ட பாட்டையும் நம்முடையதையும் பக்கத்தில் வைக்கச் சொல்லவில்லை. அந்த மேல்தாள் உத்தி உங்களுக்கு உதவும். கூத்தில் பாட்டில்லாமல் என்ன இருக்கிறது?

தொழில் விஷயமாக ஒன்று. வெள்ளைத் தாளில் ராத்திரியை வரைவது வீண் உழைப்பு. பெட்ரோமாக்ஸ் வட்டத்துக்கு வெளியே எல்லாமே கறுப்புத்தானே? தாளுக்கு முதலிலேயே கரும்பழுப்பு பூசிக் காயவிட்டு, அதன் மேல் வெளிச்சத்தை மட்டும் வரையுங்கள். துத்தநாக வெள்ளை டைட்டேனியம் வெள்ளை போல அடர்த்தியாக மறைக்காது. கறுப்பின் மேல் மெல்லியதாகப் போட்டால் கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல் இருக்கும். வியர்வையில் கரைந்த ஒப்பனைக்கு அதைவிட என்ன வேண்டும்?


கட்டைக்காரன்:

காவேரிப்பட்டினம் பக்கம். துரியோதனன் கட்டுகிறவன். பையன் கைப்பேசியில் தட்டித் தருகிறான்.

அம்மா, உங்கள் அப்பாவோடு ஒரே களத்தில் ஆடியிருக்கிறேனோ என்னவோ, பேர் போடாததால் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேஷங்கட்டுகிற கொட்டாய்க்குள் ஊர் ஆட்களை விட மாட்டோம். எங்கள் வாத்தியார் அதில் கண்டிப்பு. பாஞ்சாலி கட்டுகிற நாளில் விரதம் இருப்பார்கள். திரை பிடித்து, விருத்தம் பாடி, திரை விலகின பிறகுதான் அது வேஷம். அதற்கு முன்னால் ஆள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ஊர் பார்க்கக் கூடாது. நீங்கள் புடவை சுற்றுகிறதை எல்லாம் வரைந்து மாட்டினால் நாளைக்கு எந்த ஊரில் கற்பூரம் காட்டுவார்கள்?

துரியோதனன் சாகிற படுகளம் வரைந்திருக்கிறீர்களா? அதைக் கேட்கத்தான் ஆசை.


பென்னாகரத்துத் தூரிகை:

அண்ணா, வணக்கம். படுகளம் வரைந்திருக்கிறேன். மண்ணில் துரியோதனனைப் படுக்க வைப்பார்களே, அவன் பாதத்துக்குப் பக்கத்தில் நின்றால் எனக்குத் தலை தெரியாது. அந்தப் பாதத்தை மட்டும் தாள் முழுக்க வரைந்தேன். தூரத்தில், தொடைப் பக்கம், சிவப்புச் சாயம் வைத்திருக்கும் இடத்தில், அப்பா கூந்தலை முடிகிறார், சுண்டுவிரல் அளவில்.

நீங்கள் சொன்ன கொட்டாய் விஷயத்தை ரெண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அண்ணன் வேண்டாம் என்று சொல்கிற படமும் கொட்டாய்ப் படம்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். சந்திரமதிக்குத் தாலி வேண்டும். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்தது. கூந்தல் டோப்பா வைத்த பிறகு பின்கழுத்தில் முடிச்சுப் போட அப்பாவுக்குக் கை எட்டாது. அம்மாதான் போடுவாள். இப்படியாக எங்கள் அம்மா ஆயுசு முழுக்க எங்கள் அப்பாவுக்குத் தாலி கட்டினாள். அதை வரைந்திருக்கிறேன்: அப்பா தகரப் பெட்டி மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா பின்னால் நிற்கிறாள், வாயில் ஊக்கு, இடுப்பில் கடலைக் காசுப் பை, கண் வெளியே சாக்கின் மேல். வியாபாரம் கெடுகிறதே என்ற அவசரம்.

அண்ணன் ஓசூரில் வேலையில் இருக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 'கூத்தாடி வீடு என்று தெரிந்தால் பரவாயில்லை, இந்தப் படத்தைப் பார்த்தால் அப்பாவை என்னவென்று நினைப்பார்கள்' என்கிறார். பள்ளிக்கூடத்தில் 'உங்கப்பன் புடவை எங்கடா காயுது' என்று கேட்டவனைக் கல்லால் அடித்துவிட்டு அவர் படிப்பையே நிறுத்தினார் என்பது இப்போதுதான், இந்தச் சண்டையில்தான், எனக்குத் தெரிய வந்தது. நாங்கள் ஒரே பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தவர்கள்.


அரூர் வாசகி:

படிக்கும்போதே அந்தப் படம் கண்ணுக்குள் வந்துவிட்டது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடியும்வரை பொறுங்களேன். படம் எங்கே ஓடிவிடப் போகிறது?


சுவர்க்கோழி:

நான் மாறுபடுகிறேன். அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் ஞாபகார்த்தம், அவ்வளவுதான். அம்மாவின் வாயில் இருக்கும் ஊக்கு வேறு எந்தப் படத்திலும் வராது. (ஆமாம், முதலில் சந்தேகப்பட்டவன் நானேதான்.)

அக்கா, ஒன்று கேட்கிறேன். அப்பா என்ன சொல்கிறார்? எல்லோரும் அவர் மானத்துக்காகப் பேசுகிறோம், அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.


பென்னாகரத்துத் தூரிகை:

கேட்டேன். நேற்று ஊருக்குப் போய் எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். மண் பாதத்தைப் பார்த்து 'அளவு சரி' என்றார். தாலி கட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 'இவ எப்பவும் ரெண்டு முடிச்சுதான் போடுவா, நீ மூணு போட்டிருக்கே' என்றார். அம்மா உள்ளே இருந்து, 'மூணாவதும் போட்டா அவிழ்க்க யாரு?' என்றாள். படத்தைக் காட்டலாமா கூடாதா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

அவர் ஆட்சேபித்தது வேறு படத்துக்கு. நான் செத்துக் கிடக்கும் படம். அதில் அவர் கழுத்தில் தாலி தொங்குவதை வரைந்திருந்தேன், என் முகத்துக்கு நேர் மேலே. 'சந்திரமதி தாலி அரிச்சந்திரன் கண்ணுக்கு மட்டும்தானே தெரியும்? லோகிதாசனுக்கு எப்படித் தெரிஞ்சது? அதுவும் செத்தவனுக்கு? எடுத்துடு' என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பிழை. கதையே அந்தத் தாலியில்தான் திரும்புகிறது, சுடுகாட்டில் மனைவியை அவன் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான்.


கட்டைக்காரன்:

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜனங்களுக்குத் தெரியும்படி தாலியை வெளியே போட்டு ஆடுவோம், ஆனால் மற்ற வேஷக்காரன் எவனும் அதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டக் கூடாது.


பர்கூர் மாந்தோப்பு:

கூத்தில் சரி. படத்தில் அங்கே படுத்திருந்தது லோகிதாசனா, படம் வரைந்த இவரா? மூக்கில் பூச்சி உட்கார்ந்தது லோகிதாசனுக்கு இல்லையே.


கட்டைக்காரன்:

அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் அப்படியென்றால் சந்திரமதியை வரையாதே, அப்பாவை வரை. கண்ணீர்க் கோட்டில் கறுப்பு தெரிகிறது என்று எழுதினீர்களே அம்மா, அந்த அளவுக்கு மாவைக் குறைத்துவிட்டால் தாலி இருந்தாலும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பெரியவரே கேட்க மாட்டார்.


பென்னாகரத்துத் தூரிகை:

அண்ணா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தாலி இருக்கட்டும், முகத்தில் பாதி வெள்ளையை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கப் போகிறேன். பிசின் வண்ணம் என்பதால் ஒற்றினால் வரும்.

கொட்டாய்ப் படத்தைப் பற்றி: அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஒரு சனி ஞாயிறு வைக்கிறேன், எல்லாப் படமும். அந்த ஒன்றை மட்டும் சுவரில் மாட்டவில்லை. அண்ணன் வந்தால் அவரே பார்த்து முடிவு செய்யட்டும் என்று மேஜை மேல் கவிழ்த்து வைக்கப் போகிறேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. புடவை சுற்றுவதை வரைந்த தாளை எடுத்துவிட்டேன். அது ஜமாவின் சொத்து, தாலி முடிச்சு எங்கள் வீட்டுச் சொத்து, இப்படித்தான் எனக்குள் பிரித்துக்கொண்டேன். கட்டைக்காரன் அண்ணா, நீங்கள் பையனோடு வர வேண்டும். அப்பாவும் இருப்பார்.

ஊத்தங்கரை சார், பிசின் கலக்கும் அளவை மறுபடி ஒருமுறை எழுதுங்களேன். போன தடவை கலந்தது பூசணம் பூத்துவிட்டது.


ஊத்தங்கரை வேதியியல்:

அளவை நான் இன்னும் எழுதவே இல்லை, வேறு எங்கோ படித்திருப்பீர்கள். கருவேலம் பிசின் ஒரு பங்கு, சுடுதண்ணீர் இரண்டு பங்கு. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். காய்ந்த பிறகு வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் தேன். பூசணத்துக்குக் கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு. வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சீமைக் கருவேலத்துப் பிசினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், மரத்தைக் கேட்டு வாங்குங்கள்.


கட்டைக்காரன்:

சனிக்கிழமை எங்களுக்கு மத்தூர் பக்கம் கர்ண மோட்சம் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் வருகிறோம்.